பிளஞ்சர் வந்ததா? எரிவாயுக் கிணற்றின் ஒற்றைச் சாட்சி

(கருவியியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களத்தில் கருவிகளின் பழுதைக் கண்டுபிடிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். அதைப் பொதுவாகப் பேசினால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். நீங்கள் எடுத்துப் போக ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. எரிவாயுக் கிணற்றின் தலையிலுள்ள குழாயில் அதை வைத்து, ஹோஸ் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கிணற்றுக்குள்ளிருந்து ஓர் இரும்புத் தண்டு மேலே வந்து சேர்ந்ததும் "வந்துவிட்டது" என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. அதற்குப் பெயர் பிளஞ்சர் வருகை சென்சார்.

இவ்வளவு எளிய வேலையில் என்ன பழுது வரும் என்று நினைப்பீர்கள். நிறைய வரும். அதில் பாதி சென்சாரின் பழுதே இல்லை. இன்று நான் சொல்ல வந்த செய்தி அதுதான்.

முதலில் கிணற்றைப் புரிந்துகொள்வோம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் வடமேற்கு மூலையும் கொலராடோவின் தென்மேற்கு மூலையும் சேரும் இடத்தில் சான் ஹுவான் படுகை இருக்கிறது. ஃபார்மிங்டன், ஆஸ்டெக், புளூம்ஃபீல்டு ஆகியவை அங்குள்ள ஊர்கள். பல பத்தாண்டுகளாக எரிவாயு எடுத்துவரும் பூமி. டகோட்டா என்ற பாறை அடுக்கு வரை போகும் கிணறுகள் ஏறக்குறைய 7,000 அடி ஆழம் இருக்கும். புதிதாகத் தோண்டியபோது வாயு சீறிக்கொண்டு வந்தது. அடியில் ஊறும் தண்ணீரையும் துளித்துளியாகத் தூக்கிக்கொண்டே மேலே வந்துவிட்டது. வயதாக வயதாக அழுத்தம் குறைந்தது, வேகமும் குறைந்தது. ஒரு கட்டத்துக்குக் கீழே வேகம் போனால் வாயுவால் துளியைத் தூக்க முடியாது. அந்த எல்லை வேகம் எவ்வளவு என்று டர்னர், ஹப்பார்டு, டக்லர் மூவரும் 1969இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இன்றுவரை இந்தத் துறையில் அதுதான் அரிச்சுவடி.

தூக்க முடியாத தண்ணீர் கீழே தேங்கும். 2⅜ அங்குல ட்யூபிங் குழாயில் ஒரு பீப்பாய், அதாவது 159 லிட்டர் தண்ணீர் தேங்கினால் அது ஏறத்தாழ 258 அடி உயரத்துக்கு நிற்கும். அதன் எடையால் வரும் அழுத்தம் மட்டுமே 110 பிஎஸ்ஐக்கு மேல். ஏற்கெனவே சோர்ந்துபோன கிணற்றின் தலையில் இந்தப் பாரம் ஏறினால் அது மூச்சடைத்துப் போகும். பூமிக்குள் வாயு இருக்கிறது, வெளியே வர வழியில்லை.

இதற்குக் கண்டுபிடித்த மலிவான வைத்தியம்தான் பிளஞ்சர். ட்யூபிங்குக்குள் தளர்வாகப் பொருந்தும் ஓர் இரும்புத் தண்டு, ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். மேலே உள்ள வால்வை மூடினால் அது தன் எடையில் அடிவரை விழுந்து, அங்குள்ள ஸ்பிரிங்கின் மேல் உட்காரும். ட்யூபிங்குக்கும் அதைச் சுற்றியுள்ள கேசிங் குழாய்க்கும் நடுவே உள்ள இடத்தில் வாயு சேர்ந்து அழுத்தம் ஏறும். வால்வைத் திறந்தால் அந்த அழுத்தம் பிளஞ்சரையும் அதன் தலைமேல் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து மேலே தள்ளும். தண்ணீர் பைப்லைனுக்குள் போகும். பிளஞ்சர் கிணற்றுத் தலையில் உள்ள லூப்ரிகேட்டர் என்ற குழாய்க்குள் வந்து நிற்கும். பிறகு கொஞ்ச நேரம் வாயு தடையில்லாமல் ஓடும். மறுபடி தண்ணீர் சேரத் தொடங்கும்போது வால்வை மூட வேண்டும். நாள் முழுக்க இதே சுற்று. மோட்டாரும் வேண்டாம், வெளி மின்சாரமும் வேண்டாம். கிணற்றின் சொந்த பலமே போதும்.

எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்று முடிவு செய்வது கன்ட்ரோலர். ஒரு சின்ன சோலார் தகடு, ஒரு பேட்டரி, வால்வை இயக்கும் ஒரு சோலனாய்டு, ஒரு திரை. கண்ணில்லாத அந்தப் பெட்டிக்கு 7,000 அடி ஆழத்தில் நடப்பது எதுவும் தெரியாது. பிளஞ்சர் வந்ததா என்று சொல்ல அதற்கு இருப்பது ஒரே ஒரு சாட்சி, நம் சென்சார்.

அந்தச் சாட்சி சொல்வதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: வந்தது என்பது ஒன்று, திறந்து எத்தனை நிமிடத்தில் வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பொன் போன்றது. நல்ல பிளஞ்சர் சராசரியாக நிமிடத்துக்கு 750 அடி வேகத்தில் ஏற வேண்டும் என்பது களத்தில் பழகிய கணக்கு. 500 முதல் 1,000 வரை பொறுத்துக்கொள்வார்கள். 7,000 அடிக் கிணற்றில் 750 அடி என்றால் ஒன்பது நிமிடம் இருபது வினாடி. அதைவிட மிகத் தாமதமாக வந்தால் தண்ணீர்ப் பாரம் அதிகம், அல்லது பிளஞ்சர் தேய்ந்து வாயு பக்கவாட்டில் கசிகிறது. மிக வேகமாக வந்தால் தலைமேல் தண்ணீரே இல்லாமல் வெறுமனே வருகிறது என்று பொருள். வெறும் பிளஞ்சர் நிமிடத்துக்கு 2,000 அடியில் வந்தால், 750இல் வருவதைவிட மோதும் ஆற்றல் ஏழு மடங்கு. லூப்ரிகேட்டரின் ஸ்பிரிங் நொறுங்கும். மோசமான நிலையில் மூடியே பிய்த்துக்கொண்டு போகும். லூப்ரிகேட்டருக்கு நேர் எதிரே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள் என்று புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இனி சாட்சி தப்பாகச் சொல்லும் விதங்களுக்கு வருவோம். இரண்டே விதம்தான். வந்ததை வரவில்லை என்பது ஒன்று. வராததை வந்தது என்பது மற்றொன்று.

வந்ததை வரவில்லை என்று சொன்னால் கன்ட்ரோலர் பயந்துவிடும். கிணற்றுக்கு இன்னும் பலம் வேண்டும் என்று நினைத்து, மூடியிருக்கும் நேரத்தைக் கூட்டும். தொடர்ந்து சில தடவை இப்படி ஆனால் கிணற்றை மூடிவிட்டு ஆளைக் கூப்பிடும். உற்பத்தி போகும், ஆனால் யாராவது ஒருவர் வந்து பார்ப்பார். சில கிணறுகளில் வேறொரு ஏற்பாடு உண்டு: பிளஞ்சர் வரவில்லை என்றால் எதிர் அழுத்தத்தைக் குறைக்க வாயுவைத் தொட்டி வழியாக வெளிக்காற்றில் விட்டு அதை இழுக்கப் பார்ப்பார்கள். அங்கே சென்சார் பொய் சொன்னால், ஏற்கெனவே மேலே வந்து நிற்கும் பிளஞ்சருக்காக மீத்தேன் வீணாக வானத்துக்குப் போகும்.

வராததை வந்தது என்று சொல்வது இதைவிட மோசம் என்பது என் கருத்து. சில பொறியாளர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் காரணத்தைச் சொல்கிறேன். இந்தப் பிழையில் யாரும் வந்து பார்ப்பதில்லை. திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். இன்றைய கன்ட்ரோலர்கள் தம் நேரங்களைத் தாமே திருத்திக்கொள்பவை. பிளஞ்சர் சீக்கிரம் வருகிறது என்று நம்பினால், கிணறு நல்ல பலத்தோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூடும் நேரத்தைக் குறைத்து ஓட்ட நேரத்தை நீட்டும். உண்மையில் பிளஞ்சர் பாதி வழியில் இருக்கும். வால்வு மூடியதும் தண்ணீரோடு மீண்டும் கீழே விழும். அடுத்த சுற்றில் பாரம் கூடும். பொய்ச் சாட்சியை வைத்து ஒரு யோசிக்கும் இயந்திரம் தீர்ப்புக்கு மேல் தீர்ப்பு எழுதிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் அந்தக் கிணறு படுத்துவிட்டது என்று அறிக்கை வரும். பாறை வற்றிவிட்டது என்று முடிவு கட்டுவார்கள்.

சரி, புகார் வந்துவிட்டது. என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் புது சென்சார் ஒன்றை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்புவார்கள். நான் உங்களைக் கேட்டுக்கொள்வது, கிளம்பும் முன் கன்ட்ரோலரின் வருகைப் பதிவை எடுத்துப் படியுங்கள் என்பதே.

ஓர் எடுத்துக்காட்டு; எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. 7,000 அடிக் கிணறு. பதிவில் வருகை நேரங்கள்: 9 நிமிடம், 10 நிமிடம், 12 வினாடி, 9 நிமிடம், 12 வினாடி, 11 வினாடி. 12 வினாடியில் 7,000 அடி என்றால் நிமிடத்துக்கு 35,000 அடி. காற்றில் ஒலி போகும் வேகத்தில் பாதிக்கு மேல். எந்த பிளஞ்சரும் அப்படி வராது. ஆகவே அது பொய் வருகை. ஆனால் எப்போதும் ஏறக்குறைய அதே 12 வினாடியில் வருகிறதே, அதைக் கவனியுங்கள். வால்வு திறந்த உடனேயே நடக்கும் ஏதோ ஒன்று சென்சாரைத் தட்டி எழுப்புகிறது. சோலனாய்டின் சுருளில் மின்சாரம் நிற்கும்போது எழும் மின்னழுத்தத் துடிப்பாக இருக்கலாம்; சோலனாய்டு கம்பியும் சென்சார் கம்பியும் ஒரே கம்பிக் குழாயில் ஒட்டி ஓடினால், அல்லது ஒரே எர்த் முனையைப் பகிர்ந்துகொண்டால் அப்படி ஆகும். சோலனாய்டு இயங்கிய கணத்திலேயே பதிவானால் மின்சாரம். சில வினாடி தள்ளிப் பதிவானால், திறந்ததும் பாயும் வாயுவின் அதிர்வில் தளர்ந்த கிளாம்ப் ஆடுகிறதா என்று பாருங்கள்.

பொய் வருகைகள் வால்வு திறந்த நேரத்தோடு ஒட்டாமல் கடிகார நேரத்தோடு ஒட்டினால் கதை வேறு. ஒவ்வொரு மணி நேரமும் ஒரே நிமிடத்தில் வந்தால், தகவல் அனுப்பும் ரேடியோ அந்த நிமிடத்தில் பேசுகிறதா என்று பாருங்கள். ஆன்டெனா கம்பிக்குப் பக்கத்தில் சென்சார் கம்பி கிடக்கும். விடியற்காலையில் மட்டும் வருகைகள் தவறினால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். ஃபார்மிங்டன் பக்கம் குளிர்காலத்தில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். குளிரில் லெட்-ஆசிட் பேட்டரியின் திறன் குறையும். சோலார் தகடு மறுபடி விழிக்கும் முன்புள்ள அந்த மணி நேரத்தில்தான் மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்திருக்கும். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் போய் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும்! மழைக்குப் பிறகு மட்டும் என்றால் கம்பிக் குழாய்க்குள் தண்ணீர். எந்த ஒழுங்கும் இல்லை என்றால் உள்ளே அறுந்தும் அறாமலும் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி. மாடு உரசியதோ எலி கடித்ததோ.

வருகை தவறியதாகப் பதிவிருந்தால், பிளஞ்சர் நிஜமாகவே வந்ததா என்பதை வேறொரு வழியில் உறுதி செய்ய வேண்டும். நல்ல வேளையாக அழுத்தமும் ஓட்டமும் பொய் சொல்வது அரிது. வால்வு திறந்ததும் ட்யூபிங் அழுத்தம் விழும். சில நிமிடம் கழித்துத் தண்ணீர்த் திரள் மேலே வந்து குறுகிய வழிகளில் நுழையும்போது அழுத்தம் ஒரு தரம் எழும்பும், ஓட்டமானி தடுமாறும். அது கடந்ததும் பின்னாலிருந்த வாயு வந்து ஓட்டம் கூடும். வரைபடத்தில் இந்தத் திமில் தெரிந்தால் பிளஞ்சர் வந்துவிட்டது, சாட்சிதான் தூங்கிவிட்டது. திமில் இல்லாவிட்டால் சென்சாரைத் தொடாதீர்கள். அது உண்மையைத்தான் சொல்கிறது.

அந்த நிலையில் இன்னொரு சின்னக் கணக்கும் உதவும். கிணறு மூடியிருக்கும்போது கேசிங் அழுத்தத்திலிருந்து ட்யூபிங் அழுத்தத்தைக் கழியுங்கள். அதைக் கேசிங் அழுத்தத்துக்கும் பைப்லைன் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். கேசிங் 400, ட்யூபிங் 340, பைப்லைன் 100 பிஎஸ்ஐ என்றால் 60ஐ 300ஆல் வகுக்க 0.2. பாதிக்கு மேல், அதாவது 0.5ஐத் தாண்டினால், கிணற்றின் பலத்துக்குத் தண்ணீர் அதிகம். திறந்தாலும் பிளஞ்சர் வருவது சந்தேகம். அப்படியிருக்க நாள் முழுக்க சென்சாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது களத்துக்குப் போகலாம். அது வெடிக்கக்கூடிய வாயு உலவும் இடம். கம்பிகளைத் தொட வேலை அனுமதி வேண்டும், வாயு அளக்கும் கருவி சட்டையில் இருக்க வேண்டும், அந்த இடத்துக்குச் சான்று பெற்ற சென்சாரைத் தவிர வேறெதையும் மாட்டக் கூடாது. இதில் விவாதமே கிடையாது.

சோதனையைக் கன்ட்ரோலரிலிருந்து தொடங்குவது நல்லது. சென்சாரின் சிக்னல் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த முனையையும் பொது முனையையும் ஒரு கணம் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்கள் இதை வருகை என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் மாடல் எப்படி என்று கையேட்டில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் வருகை பதிவானால் கன்ட்ரோலர் நலம். கம்பியை மறுபடி மாட்டி, இதையே சென்சார் இருக்கும் முனையில் செய்யுங்கள். பதிவானால் கம்பியும் நலம். பிறகு சென்சாரைக் குழாயிலிருந்து எடுத்து, அதன் முகத்துக்கு நேரே ஒரு ஸ்பேனரை வேகமாக வீசிக் காட்டுங்கள். அதன் விளக்கு மினுங்கினால் உயிர் இருக்கிறது. சென்சாருக்குப் போகும் மின்னழுத்தத்தையும் அங்கேயே அளந்துவிடுங்கள், கன்ட்ரோலர் பெட்டிக்குள் அளந்தால் போதாது. நடுவே பாதுகாப்புத் தடுப்பானும் நீண்ட கம்பியும் கொஞ்சம் தின்றுவிடும்.

இந்த ஸ்பேனர் சோதனையை நம்பி ஏமாறாதீர்கள். வெளியே ஸ்பேனரைக் கண்ட சென்சார், லூப்ரிகேட்டரின் தடித்த எஃகுச் சுவரைத் தாண்டி உள்ளே போகும் பிளஞ்சரைக் காணும் என்று பொருளில்லை. காந்த வகைச் சென்சாரின் இயல்பைப் பாருங்கள். உள்ளே ஒரு நிலைக்காந்தம், ஒரு கம்பிச் சுருள். பிளஞ்சர் கடக்கும்போது காந்தப் புலம் கலைகிறது. கலைவதன் வேகத்துக்கு ஏற்றபடி சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. ஃபாரடே 1831இல் சொன்ன விதிதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆகவே ஊர்ந்து வரும் பிளஞ்சர் மங்கலான சிக்னலையே தரும். கிணறு எப்போது தண்ணீரில் திணறுகிறதோ, அதாவது நமக்குச் செய்தி மிகவும் தேவைப்படும் நேரத்தில், இந்தச் சாட்சியின் குரல் தாழ்ந்துபோகிறது. குழாய்க்கும் சென்சாருக்கும் நடுவே பெயின்ட் பொருக்கு, பனிக்கட்டி, துரு எது இருந்தாலும் அந்தக் குரல் இன்னும் தாழும். சுத்தம் செய்து, ஒட்டிப் பொருத்தி, பிளஞ்சர் முழுதாகக் கடந்து போகும் இடத்தில் வையுங்கள். தடித்த இணைப்புப் பகுதியின் மேல் வைக்காதீர்கள். பிளஞ்சர் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வருந்துவதும் உண்டு.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல். நிமிடத்துக்கு 750 அடி என்றால் வினாடிக்கு 3.8 மீட்டர். 40 சென்டிமீட்டர் நீளப் பிளஞ்சர் ஒரு புள்ளியைக் கடக்க ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். கம்பியின் மறுமுனையில் இருப்பது வினாடிக்கு ஒரு தரம் மட்டும் எட்டிப் பார்க்கும் கணினி என்றால் பத்துக்கு ஒன்பது தடவை அது பார்க்காமலே போகும். சென்சார் சிக்னலை நீட்டித் தர வேண்டும், அல்லது கணினியின் உள்ளீடு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டு நவீன ஆட்டோமேஷன் பெட்டி வைத்த மறுநாள் சென்சார் கெட்டுவிட்டது என்று புகார் வந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இன்னொரு காரணம் மனிதர்களுக்கு இடையே இருப்பது. கிணற்றைக் கவனிக்கும் பணியாளரை அங்கே பம்ப்பர் என்பார்கள். அவர் பிளஞ்சரை மாற்றுவார். கருவிப் பிரிவுக்குச் சொல்ல மாட்டார். புதியது டைட்டானியமாக இருந்தால் காந்தம் அதைப் பொருட்படுத்தாது. சிலவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அப்படியே. ஒரு குறையும் இல்லாத சென்சார் அன்றிலிருந்து குருடாகும். ஒலியையும் அதிர்வையும் கேட்கும் வகை அங்கே பயன்படும். ஆனால் அது மணல் உரசுவதையும், தண்ணீர் அடிப்பதையும், பக்கத்துக் கம்ப்ரசரையும் சேர்த்தே கேட்கும். ஆகவே பம்ப்பரிடம் முதல் கேள்வி: "கடைசியாக எதை மாற்றினீர்கள், எப்போது?"

உணர்திறன் திருகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தவறுகிறதா, கூட்டு, பொய் சொல்கிறதா, குறை. இது வைத்தியமே இல்லை. ஒரு பிழையை மறைத்து மற்றதை வரவழைக்கும் வேலை. தளர்ந்த கிளாம்பை விட்டுவிட்டுத் திருகைக் கூட்டினால், அடுத்த வாரம் வால்வு அதிர்வதெல்லாம் பிளஞ்சராகும். திறந்த முதல் சில நிமிடங்களில் வரும் சிக்னலைக் கன்ட்ரோலர் பொருட்படுத்த வேண்டாம் என்று அமைக்கலாம். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் அப்படித் தள்ளிய சிக்னல்களையும் எண்ணி வைக்கச் சொல்லுங்கள். எண்ணாமல் தள்ளினால் பழுது வளர்வது தெரியாது.

இதெல்லாம் கொஞ்சம் வாயு மிச்சப்படுத்தும் சங்கதிதானே என்று கேட்கலாம். அதோடு முடிவதில்லை. 2003 முதல் 2009 வரை செயற்கைக்கோள் எடுத்த அளவுகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஓர் ஆய்வு, சான் ஹுவான் படுகை உள்ள நான்கு மாநிலச் சந்திப்பின் மேல் அமெரிக்காவிலேயே அடர்த்தியான மீத்தேன் மண்டலம் இருப்பதைக் காட்டியது. 2015இல் விமானத்தில் பறந்து அளந்தபோது 250க்கும் மேற்பட்ட கசிவிடங்கள் தெரிந்தன. அவற்றில் மிகப் பெரிய பத்து விழுக்காடு இடங்களே ஏறக்குறைய பாதி அளவைக் கக்கின. கசிவுக்குக் காரணங்கள் பல: குழாய், தொட்டி, நிலக்கரிப் படுகை எல்லாம் உண்டு. தண்ணீரை வெளியேற்ற வாயுவைத் திறந்துவிடுவதும் அதில் ஒன்று. 2021இல் நியூ மெக்சிகோ விதி கொண்டுவந்தது: எடுக்கும் வாயுவில் 98 விழுக்காட்டை 2026 முடிவுக்குள் நிறுவனங்கள் வீணாக்காமல் பிடிக்க வேண்டும். 20 ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பதை மனத்தில் கொண்டால் அந்தக் கண்டிப்பு புரியும். வந்த பிளஞ்சரை வரவில்லை என்று சொல்லும் சென்சார் இனி உற்பத்திக் கணக்கில் மட்டும் அடங்கும் விஷயம் இல்லை. சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உங்களில் சிலர் டெக்சாஸுக்கோ கனடாவுக்கோ வளைகுடாவுக்கோ போவீர்கள். சிலர் எரிவாயுப் பக்கமே போக மாட்டீர்கள். எங்கே போனாலும் புகார் வந்தவுடன் மாற்றுக் கருவியோடு ஓடாதீர்கள். ஒரு வாரப் பதிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியாக எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள், பிறகு வண்டியை எடுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் தூக்கி எறியாமல் பணிமனைக்குக் கொண்டுவந்து சோதித்து, முடிவைக் கிணற்றின் பெயரோடு எழுதி வையுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.